வலிக்கு என்ன போடுவீங்க?

நடவு நடக்கிற நாளில், பொழுது சாயும் நேரம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் இந்தக் காட்சி தப்பாது. சேறு காயாத சேலையும் கையில் தூக்குவாளியுமாக நாலைந்து பெண்கள் மெடிக்கல் வாசலில் நிற்பார்கள். "தம்பி, கை கால் உளைச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடு." கடைப் பையன் கேள்வி எதுவும் கேட்பதில்லை. இந்த டப்பாவிலிருந்து ஒன்று, அந்த அட்டையிலிருந்து பிய்த்த ஒன்று, கூடவே சின்னதாக ஒரு மஞ்சள் மாத்திரை. காகித உறையில் போட்டு மடித்து, "சாப்டுட்டுப் போடுங்க பெரியம்மா" என்று நீட்டுவான். உறை சுருக்குப் பைக்குள் போகும், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவில். செட்டு மாத்திரை என்று இதற்குப் பெயர்.

உறையின் மேல் மருந்தின் பெயர் இருக்காது. உள்ளே பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக், ஒரு பாரசிட்டமால், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. சில கடைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேரும். டைக்ளோஃபெனாக், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணை மருந்து. அட்டையில் அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. அட்டையிலிருந்து பிய்த்துக் கொடுக்கும்போது எச்சரிக்கை கடையிலேயே தங்கிவிடுகிறது.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாற்று முடியை இடது கையில் பிடித்து, குனிந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து நாள் முழுக்க நடுகிற இடுப்பு அது. நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்து வேலை நாட்கள் குறைந்துவிட்டதால், கிடைக்கிற நாளை வலிக்காக விட முடியாது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டையை முதுகில் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கும் இதே கதைதான். மறுநாள் காலையில் எழுந்து போகப் பத்துப் பதினைந்து ரூபாய்க்கு ஒரு வழி இருக்கிறது. வாங்குகிறார்கள்.

உழைக்கிற கைகள் வலி மாத்திரையை இப்படிப் பிடித்துக்கொள்வது நம் ஊரில் மட்டும் நடந்தது இல்லை. சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலாளர்கள், உட்கார்ந்த இடத்தில் நுணுக்க வேலை செய்யும் தலைவலியைச் சமாளிக்க ஃபெனாசிட்டின் கலந்த மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்கினார்கள். 1953இல் ஸ்பூலர், ஸோலிங்கர் என்ற இரு சுவிஸ் மருத்துவர்கள் அப்படிப்பட்டவர்களின் சிறுநீரகங்கள் சுருங்கிப்போயிருப்பதை எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் அதே மருந்து பொட்டலத் தூளாக வீட்டுப் பெண்களிடம் புழங்கியது. மெல்போர்ன் மருத்துவர் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் ஆண்டுக்கணக்கில் போராடி, 1979இல் அந்தத் தூள் தாராள விற்பனையிலிருந்து நீங்கியது. இந்தியா 1983இல் ஃபெனாசிட்டினைத் தடை செய்தது. ஒரு மருந்தைத் தூக்கினால் அந்த இடத்துக்கு வேறொன்று வந்துவிடும் என்பதற்கு நம் மெடிக்கல் அலமாரியே சாட்சி.

இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தை என்ன செய்கின்றன என்பதை டெல்டாக்காரருக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் அதுவும் ஒரு பாசன அமைப்புதான். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் பாய்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் நுழைகிற இடத்தில் ஒரு மதகு, வெளியேறுகிற இடத்தில் ஒரு மதகு. ஆறு நிறைந்து ஓடும்போது மதகைக் கவனிக்க ஆள் தேவையில்லை. தண்ணீர் குறையும்போதுதான் லஸ்கர் வேண்டும், ஷட்டரை ஏற்றிவைத்துக் கடைமடைக்கும் கொஞ்சம் போகும்படி பார்த்துக்கொள்ள. உடம்பில் அந்த லஸ்கர் வேலையைச் செய்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவதும் இவைதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், நாப்ராக்சென், மெஃபெனமிக் அமிலம், நிமெசுலைடு, எட்டோரிகாக்சிப் ஆகிய எல்லாம் அவற்றின் உற்பத்தியை நிறுத்தும் ஒரே குடும்பம். முட்டி வலி அடங்குகிறது. அதே நேரத்தில் மதகில் லஸ்கரும் இல்லாமல் போகிறார். சிறுநீரகத்தின் உட்பகுதி இயல்பிலேயே கடைமடை, ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் இடம். முதலில் காய்வது அதுதான்.

நல்ல உடம்புக்காரர், போதுமான தண்ணீர் குடித்து, இரண்டு மூன்று நாள் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. வெயிலில் வியர்த்து வறண்டவர், வாந்தி பேதியில் கிடப்பவர், ஏற்கெனவே சிறுநீரகம் பாதி போனவர், இவர்கள் கதை வேறு. ரத்த அழுத்தக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். எனாலப்ரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகள் வடிகட்டியின் வெளி மதகைத் தளர்த்திவிடுகின்றன. நீர் மாத்திரை ஆற்றின் அளவையே குறைக்கிறது. அதன் மேல் வலி மாத்திரை உள் மதகையும் இறக்கினால் வடிகட்டிக்கு என்ன மிஞ்சும்? முதல் இரண்டும் தனித்தனியே நல்ல மருந்துகள், முதல் வகை சிறுநீரகத்தையே காக்கக்கூடியது. அதைப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. அதோடு செட்டு சேர்வதில்தான் ஆபத்து. வயலில் ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கழிப்பறை இல்லாத வரப்பும் சிறுநீரக நோயில் ஒரு பங்காளி.

2023இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் தமிழ்நாட்டின் 5 வேளாண் மண்டலங்களில் 3,350 வேளாண் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்ததில், நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. ஆந்திரத்தின் உத்தானத்திலும், இலங்கையில் ஏரிப் பாசன நெல் விளையும் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்திலும், நடு அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் பேசப்படுகிற, காரணம் பிடிபடாத அதே நோய். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமும் வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள உறவைப் பதிவு செய்திருக்கிறார்கள். வெப்பம், நீர் வறட்சி, பூச்சிமருந்து, கன உலோகம், வலி மாத்திரை என்று சந்தேகப் பட்டியல் நீள்கிறது. வலி மாத்திரைதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. ஆனால் பட்டியலில் உள்ளவற்றில் நாளைக் காலையே கையிலிருந்து எடுத்துவிடக்கூடியது அது ஒன்றுதான். வெயிலை அப்படி எடுக்க முடியாது.

இந்த நோயைக் கண்டுபிடிக்கும் முறையில் ஒரு நுட்பமான ஓட்டை உண்டு. நோயை முன்கூட்டியே பிடிக்க அரசு 2023இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரில் பட்டையை நனைத்து, புரதம் இறங்குகிறதா என்று பார்ப்பது. சர்க்கரையால் வரும் பாதிப்புக்கு இது அருமையான முதல் சல்லடை. வெப்பமும் வலி மாத்திரையும் தாக்குவதோ வடிகட்டியை அடுத்த நுண்குழாய்களையும் அவற்றைச் சுற்றிய திசுவையும். அங்கே பழுது ஏற்பட்டால் வெகுநாள் வரை புரதம் அதிகம் இறங்காது. பட்டை நிறம் மாறாது. "உப்பு இல்லம்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இந்த ஆட்களுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, அதிலிருந்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட வேண்டும். அதுவும் தாமதமாகச் சொல்லும் சாட்சிதான், ஏறக்குறையப் பாதித் திறன் போகும்வரை கிரியேட்டினின் சாதாரணமாகவே இருக்கக்கூடும். ஆனாலும் எந்த ஊர் ஆய்வகத்திலும் செய்யக்கூடிய மலிவான சோதனை.

உப்பு என்றேன். இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கிரியேட்டினின் கூடினாலும், யூரியா கூடினாலும், கர்ப்பிணிக்கு ஆல்புமின் இறங்கினாலும் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பெயர் 'உப்பு'. "உப்பு நாலுல நிக்குது" என்பார்கள். கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று நினைக்கிறார். குறைப்பது நல்லதுதான். ஆனால் மூட்டு வலிக்குப் போட்ட மாத்திரைக்கும் அந்த நாலுக்கும் தொடர்பு இருப்பதை 'உப்பு' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதற்கு மிகக் கொடூரமான சாட்சி மனிதர்களிடமிருந்து வரவில்லை. 1990களில் இந்தியாவின் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. 2004இல் 'நேச்சர்' இதழில் விடை வந்தது: மாட்டுக்கு வலி ஊசியாகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் இறைச்சி வழியே கழுகுக்குள் போய்ச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்திருந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பி மாட்டுக்குத் திருப்பப்படுவதைத் தடுக்க, 2015இல் குப்பியையே சிறிதாக்கினார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் தடையை நிலைநிறுத்தியது.

மயிலாடுதுறை மாவட்டத்து வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். புள் என்பது சடாயு. அந்தக் கழுகரசன் வழிபட்ட தலம் என்பது ஐதிகம். உள்ளே இருப்பவர் நோய் தீர்க்கும் வைத்தியநாதர். உடம்பு வலி தீர உப்பும் மிளகும் காணிக்கை போட்டுவிட்டு வெளியே வருகிறவர்களில் எத்தனை பேர் பையில் டைக்ளோஃபெனாக் இருக்கும் என்று அங்கே போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அவ்வளவு சுருக்கில் வீழ்ந்துவிடாது. அதனால்தான் நமக்குத் தெரிவதற்கு இவ்வளவு நாளாகிறது.

சரி, இனி நோய் வந்துவிட்டவரின் பக்கம் வருவோம். எனக்கு அதிக வருத்தம் இங்கேதான். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஓயாத வலி இருக்கிறது. சுண்ணாம்பும் பாஸ்பரஸும் தடுமாறி எலும்பு வலிக்கிறது. யூரிக் அமிலம் தேங்கிக் கட்டைவிரல் வீங்குகிறது. சர்க்கரைக்காரருக்குப் பாதம் எரிகிறது. டயாலிசிஸ் நாற்காலியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. இவை போதாதென்று வயலில் தேய்ந்த முட்டியும் இடுப்பும். இவ்வளவுக்கும் மருத்துவமனையில் கிடைக்கிற பதில் ஒற்றை வரி: "வலி மாத்திரை சாப்பிடக் கூடாது." உண்மையான வரி. ஆனால் பாதி வரி. எதைச் சாப்பிடலாம் என்ற மீதியை யாரும் சொல்வதில்லை. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். எட்டாம் நாள் அதே மெடிக்கல் வாசலில் நிற்பார், இந்த முறை மருத்துவரிடம் சொல்லாமல். வெறும் தடை மறைவான பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

அந்த மீதிப் பாதி இல்லாத ஒன்று அல்ல. மாத்திரை என்று வந்தால் முதலில் பாரசிட்டமால். சிறுநீரக நோயாளிகளுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பான வலி மாத்திரை அதுதான். நாள்பட்டுப் போடுகிறவர்கள் ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் போகாமல், தம் எடைக்கும் வயதுக்கும் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அளவு இன்னும் குறையும். சளி மாத்திரையிலும் இதே பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், கணக்கில் சேர்க்க வேண்டும். ஏமாற்றுகிறவை கலவை மாத்திரைகள். 'பாரசிட்டமால்தானே' என்று நினைத்து வாங்கும் காம்பிஃபிளாமில் ஐபுபுரூஃபெனும் சேர்ந்தே இருக்கிறது. பெயரின் கடைசியில் 'பி' போட்ட பல மாத்திரைகளில் அந்தப் 'பி' பாரசிட்டமால், முன்னால் இருப்பது அசிக்ளோஃபெனாக். இதயத்துக்காகக் கொடுக்கப்படும் சிறு அளவு ஆஸ்பிரின் தனிக் கணக்கு. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிட வேண்டாம்.

ஒரே மூட்டில் வலி என்றால் மேலே தடவும் களிம்பு, மாத்திரையை விட மிகக் குறைவாகவே ரத்தத்தில் கலக்கிறது. அதையும் உடம்பெல்லாம் பூசாமல், நோய் முற்றியவர்கள் கேட்டுவிட்டுத்தான் பூச வேண்டும். நம் பாட்டிகள் வைத்த தவிட்டு ஒற்றடமும் நொச்சி இலை ஒற்றடமும் சிறுநீரகத்தைத் தொடாத வைத்தியம். நெல் விளையும் நாட்டில் தவிட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: சர்க்கரையால் மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. வேறொருவர் புறங்கையில் வைத்துப் பார்த்த பிறகே ஒற்றடம் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக நான் நம்புவது இயன்முறைச் சிகிச்சையை. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, முட்டி வலிக்கு ஒரு மாத்திரைக்குக் குறையாமல் வேலை செய்யும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவதற்குச் செலவு ஏதும் இல்லை. பொறுமைதான் வேண்டும், அதுவோ மெடிக்கலில் கிடைக்காது.

பாதம் எரிகிற நரம்பு வலிக்கு கபாபென்டின், பிரிகாபலின் உண்டு. இவை சிறுநீர் வழியாகவே வெளியேறுகிற மருந்துகள் என்பதால், வழி அடைபட்டவரின் உடம்பில் தேங்கும். தள்ளாட்டம், தூக்கம், குழப்பம், கடைசியில் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. ஆகவே அளவைப் பாதிக்கும் கீழே குறைத்துத் தொடங்குவார்கள். தசையைத் தளர்த்தக் கொடுக்கும் பாக்லோஃபெனும் அப்படித் தேங்கி, நினைவையே தடுமாற வைக்கும். கட்டைவிரல் வீக்கத்துக்கான கால்சிசினுக்கும் அளவுக் குறைப்பு வேண்டும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், "எனக்குக் கிட்னியில பிரச்சினை இருக்கு, கிரியேட்டினின் இவ்வளவு" என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும். தாங்க முடியாத வலிக்கு ஓபியாய்டுகள் உண்டு. அவற்றிலும் மார்ஃபினின் கழிவுகள் சிறுநீரக நோயாளியின் உடம்பில் தேங்குவதால், ஃபென்டனில், புப்ரினார்ஃபின் போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இந்த மருந்துகளைப் பூட்டிவைத்திருந்தது. 2014 திருத்தம் பூட்டைத் தளர்த்தியது. எல்லா அரசு மருத்துவர்களின் கையும் அதற்கேற்பத் தளரவில்லை.

நாட்டு மருந்து பற்றிக் கேட்பார்கள். முடக்கத்தான் தோசையில் எனக்குச் சண்டை இல்லை. நோய் முற்றியவர்கள் கீரையின் பொட்டாசியத்தை மட்டும் உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளலாம். இளநீருக்கும் வாழைத்தண்டுச் சாற்றுக்கும் அதே எச்சரிக்கை. கல்லடைப்புக்குச் சொன்னதைச் செயலிழப்புக்கும் சேர்த்துக் குடிக்கிறவர்கள் ஏராளம். ஆடுதின்னாப்பாளை விஷயம் அப்படி லேசானது இல்லை. அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கி, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை உட்கொண்ட பெண்களுக்கு 1990களில் நேர்ந்தது இதே அமிலத்தால்தான். பேருந்து நிலையத்தில் விற்கும் லேபிள் இல்லாத 'மூலிகை வலிப்பொடி' ஒரே இரவில் வலியை நிறுத்தினால், மூலிகையைப் பாராட்டுவதற்கு முன் அதில் ஸ்டீராய்டோ டைக்ளோஃபெனாக்கோ கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

அரசிடம் புதிதாக எதையும் கட்டச் சொல்லிக் கேட்கத் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, அழுத்த மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் இருக்கிறார், இயன்முறைச் சிகிச்சையாளர் இருக்கிறார், நோய்த் தணிப்புச் செவிலியர் இருக்கிறார், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவருக்கு மருந்துப் பையும் வீட்டுக்கே போகிறது. வலிக்கு வேண்டிய ஆட்களும் சிறுநீரகத்துக்கு வேண்டிய ஆட்களும் ஒரே வண்டியில் வருகிறார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைப்பதுதான் பாக்கி. சிறுநீரக நோயாளி என்று பதிவானவர் வீட்டுக்கு இயன்முறைச் சிகிச்சையாளர் தானாகப் போக வேண்டும். இப்போது நடக்க முடியாதவருக்கே அவரை நினைக்கிறார்கள். நடவுக்கு முன் ஒரு முறை, அறுவடைக்குப் பின் ஒரு முறை, வயலில் இறங்குகிற 40 வயது தாண்டியவர்களுக்கு கிரியேட்டினின் பார்க்கலாம். மெடிக்கல்காரர்களை மிரட்டுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. உறையின் மேல் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதாமல் ஒரு மாத்திரையும் கொடுக்கக் கூடாது என்ற ஒரே விதியையாவது கறாராக நடத்தட்டும். பெயர் தெரிந்தால்தான் செவிலியர் பிடுங்கிப் போட முடியும்.

கேள்வியைக் கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று வெளிநோயாளிப் பிரிவில் கேட்டால், பத்தாண்டாகச் செட்டு போடுகிறவரும் இல்லை என்றே சொல்வார். பொய் சொல்லவில்லை. சர்க்கரைக்குப் போடுவது மாத்திரை, அழுத்தத்துக்குப் போடுவது மாத்திரை. உளைச்சலுக்குப் போடுவது அவர் கணக்கில் வெற்றிலை பாக்கோடு சேர்ந்தது.

"வலிக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அதுவா? அது சும்மா, கை கால் உளைச்சலுக்கு" என்று சொல்லிக்கொண்டே சுருக்குப் பையின் கயிற்றை இழுப்பார்.